கோடை விடுமுறை: பிள்ளைகளின் கைகளுக்கு என்ன வேலை?



பள்ளிக்கூடம் மூடிய முதல் வாரம் வீடு பெருநாள் வீடு போல இருக்கும். இரண்டாம் வாரத்தில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் சண்டையிடத் தொடங்குவார்கள். மூன்றாம் வாரத்தில் அத்தாவின் செல்பேசி அவர்கள் கைக்குப் போய்விடும். அதன் பிறகு அதைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பெரும்பாடு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஓதுகிறார்கள், மாலையில் விளையாடுகிறார்கள். லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நீண்ட வெயில் நேரம்தான் தாய்மார்களுக்குச் சோதனையாக அமைகிறது.

அந்த நேரத்திற்கு ஏற்ற ஐந்து கைவேலைகளை இங்கே சொல்கிறேன். இவற்றில் எதற்கும் கடையில் பெரிதாகப் பணம் கொடுத்துப் பொருள் வாங்க வேண்டியதில்லை. வண்ணத் தாளும் பளபளக்கும் மணிகளும் அடைத்த பெட்டிகள் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன. பெட்டியில் உள்ளபடி ஒட்டி முடித்தால் ஒரு மணி நேரத்தில் வேலை தீர்ந்துவிடும். பிள்ளையின் கைக்குப் புதிதாக ஒன்றும் வந்து சேராது. இலையும் ஓலையும் பழைய காகிதமும் அப்படியல்ல. அவை கிழியும், வழுக்கும், சொன்னபடி கேளா. அவற்றைப் பணிய வைக்கப் பழகும்போதுதான் விரல்களுக்குப் பொறுமையும் நிதானமும் வருகின்றன.

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்திலிருந்து எழுதுகிறேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் பலா, வாழை, அன்னாசி, மிளகு, காப்பி என்று எங்கும் பசுமை. வல்வில் ஓரி ஆண்ட இம்மலை, சங்க காலத்திலேயே பலாவுக்குப் பெயர் பெற்றிருந்தது. கோடையில் சுற்றுலா வரும் குடும்பங்கள் பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு இறங்குகின்றன. அதன் இலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் அந்த இலையிலிருந்தே தொடங்குவோம்.

1. பலா இலைத் தொன்னை (6 வயது முதல்)

தேவையானவை: முற்றிய, ஆனால் காய்ந்து போகாத பலா இலைகள் நான்கு, தென்னை ஈர்க்கு இரண்டு.

பறித்த இலைகளின் காம்பில் பால் வடியும். சற்று நேரம் தனியே வைத்து, பால் நின்றபின் துடைத்துவிடுங்கள். கையில் ஒட்டினால் தண்ணீரால் போகாது. சிறிது தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும். ஈர்க்கைச் சிறு விரல் நீளத் துண்டுகளாக ஒடித்துக்கொள்ளுங்கள்.

காம்புகளைக் கிள்ளிவிட்டு, நான்கு இலைகளின் அடிப்பாகமும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியுமாறு கூட்டல் குறி போல் பரப்ப வேண்டும். நடுவில் ஓர் ஈர்க்கைத் தையல் போட்டாற்போல் குத்தி வாங்கினால் இலைகள் நகரா. பிறகு அடுத்தடுத்த இரண்டு இலைகளை மேல்நோக்கித் தூக்கி, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஈர்க்கால் கோக்க வேண்டும். நான்கு மூலைகளும் முடிந்தால் தொன்னை தயார். இதில் பலாச்சுளை வைக்கலாம், சுண்டல் போடலாம், மாவு ஊற்றி இட்லிப் பானையில் அவிக்கவும் செய்யலாம்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்குத் தடை உள்ளது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சட்டத்தை விளக்குவதைவிட, ஒரு தொன்னை தைக்கக் கற்றுக் கொடுப்பது எளிது. பயன்படுத்திய தொன்னையை மரத்தடியில் போட்டால் மக்கி எருவாகும் என்பதையும் அவன் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வான்.

உங்கள் ஊரில் பலா இல்லையெனில் மந்தாரை இலையோ வாதாம் இலையோ போதும். பூவரச மரம் இருந்தால் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதவும் சொல்லிக் கொடுங்கள். அன்று மட்டும் வீட்டில் உறங்க முடியாது!

2. ஓலைக் காற்றாடி (5 வயது முதல்)

தென்னை அல்லது பனை ஓலையை ஒரு விரல் அகலமும் ஒரு சாண் நீளமுமாக இரண்டு துண்டுகள் நறுக்கிக்கொள்ளுங்கள். அவற்றைக் கூட்டல் குறி போல் வைத்து, நடுவில் ஒரு கருவேல முள்ளைக் குத்துங்கள். நான்கு நுனிகளையும் ஒரே பக்கமாகச் சிறிது முறுக்கிவிடுங்கள். முள்ளின் முனையைச் சோளத்தட்டையில் செருகினால் காற்றாடி தயார். துளை சற்றுத் தளர்ச்சியாக இருந்தால்தான் சுழலும். முள் குத்தும் வேலை மட்டும் பெரியவர்களுடையது.

காற்றாடி சுழலத் தொடங்கியதும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நுனிகளை எதிர்ப்பக்கமாக முறுக்கினால் என்ன ஆகும்?" விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவனே முறுக்கிப் பார்க்கட்டும்.

விளையாட்டுச் சாமானைக் கொண்டே அறிவியல் கற்பிக்கலாம் என்று நாடெங்கும் செய்து காட்டியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளில் நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் பங்கெடுத்தார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் இணைத்து முக்கோணம், சதுரம், கனசதுரம் ஆகியவற்றை அமைக்கும் முறையை அவர் உருவாக்கினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் கையாண்ட பொருள்கள் எல்லாம் நம் வீட்டுக் குப்பைக்கூடையில் கிடப்பவையே.

3. காகிதப் பாய் (8 வயது முதல்)

பழைய நாட்காட்டித் தாள்கள் இரண்டு போதும். இரண்டும் வெவ்வேறு நிறமாயிருந்தால் நல்லது. ஒரு தாளில் மேலே இரண்டு விரல் அகலம் விட்டு, அங்கிருந்து கீழ்வரை ஒரு விரல் அகலக் கோடுகளாகக் கத்தரியுங்கள். இது பாவு. மற்றொரு தாளைத் தனித்தனி நாடாக்களாகக் கத்தரியுங்கள். இது ஊடு. முதல் நாடா ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செல்ல வேண்டும். இரண்டாம் நாடா அதற்கு நேர்மாறாகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு நாடாவையும் முந்தியதோடு நெருக்கித் தள்ளிய பிறகே அடுத்ததைக் கோக்க வேண்டும். ஓரங்களை மடித்து ஒட்டினால் தட்டின் கீழ் விரிக்க அழகிய சிறு பாய் கிடைக்கும்.

இதைச் செய்யும்போது பத்தமடையைப் பற்றிச் சொல்லுங்கள். திருநெல்வேலி மாவட்டத்து அவ்வூரில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப் பாய் நெய்து வருகின்றன. கோரையை நீரில் ஊறவைத்து, மயிரிழை போல் கிழித்து நெய்யும் பட்டுப்பாய் துணியைப் போல மடியும். புவிசார் குறியீடும் பெற்ற கைத்தொழில் அது. நம் வீட்டு நிக்காஹ்களில் விரிக்கும் பாயில் எத்தனை நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது, பத்து நாடா கோத்து விரல் வலித்த பிள்ளைக்கு உடனே விளங்கும்.

4. தானிய விண்மீன் (9 வயது முதல்)

இதற்குப் பசை வேண்டும். அதையும் வீட்டிலேயே காய்ச்சலாம். இரண்டு தேக்கரண்டி மரவள்ளி மாவைக் கால் தம்ளர் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒரு தம்ளர் நீரைக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து, கரைசலை ஊற்றிக் கிண்டிக்கொண்டேயிருங்கள். வெண்மை மாறிக் கண்ணாடி போல் ஆனதும் இறக்கி ஆறவிடுங்கள். பூச்சி வராமல் இருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் கூடவே கூடாது. இரண்டு நாளைக்கு வேண்டிய அளவே காய்ச்சினால் போதும்.

இனி விண்மீன். வட்டமாகக் கத்தரித்த தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டு மடிப்புக் கோடுகள் தெரியும். வட்டத்தின் விளிம்பில் ஒன்று விட்டு ஒன்றாக நான்கு முனைகளை அளவுகோலால் இணைத்தால் ஒரு சதுரம். மீதி நான்கை இணைத்தால் இன்னொரு சதுரம். இரண்டும் சேர்ந்து எட்டு முனை விண்மீன் ஆகிவிடும். ஸ்பெயின் நாட்டுக் கிரனடாவின் அல்ஹம்பரா மாளிகையிலும், உலகெங்கும் எத்தனையோ பள்ளிவாசல்களின் சுவர்களிலும் காணப்படும் கோலங்கள் இத்தகைய வட்டத்திலிருந்தும் சதுரத்திலிருந்தும் பிறந்தவையே. உயிரினங்களின் உருவம் வேண்டாம் என்று கருதும் வீடுகளுக்கும் இது உகந்த வேலை.

இந்தத் தாளைப் பழைய நிக்காஹ் அழைப்பிதழின் கெட்டி அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் பசை தடவித் தானியத்தைத் தூவ வேண்டும். தினை மஞ்சள், கேழ்வரகு செம்பழுப்பு, உமி நீக்கிய சாமை வெண்மை, பாசிப்பயறு பச்சை, உளுந்து கறுப்பு. உண்ணும் தானியத்தை வீணாக்கலாகாது. வண்டு துளைத்ததும் முறத்தில் ஒதுக்கியதுமே இதற்குப் போதும்.

சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் கொல்லிமலை மக்களின் பழம்பெரும் உணவு. 1940களில், உலகப் போரின் காலத்தில், சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது. அதற்கான மரவள்ளி நாளடைவில் மலைமேலும் ஏறியது. சிறுதானிய வயல்கள் சுருங்கின. சாமையின் உமியை உரலில் குத்தி நீக்குவது பெண்களுக்குப் பெரும் பாடாக இருந்ததும் ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அம்மலையில் பழைய விதைகளைக் காப்பதிலும், உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டு செல்வதிலும் ஈடுபட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆயினும் சாமைக்கும் தினைக்கும் வேறுபாடு அறியாத பிள்ளைகளே நம் வீடுகளில் மிகுதி. ஒரு விண்மீனை நிரப்பி முடிப்பதற்குள் ஐந்து தானியங்களின் பெயர் அவர்கள் நாவில் நின்றுவிடும்.

5. காகிதக் கூழ்க் கூடை (10 வயது முதல்)

நம் நன்னிமார் செய்த வேலை இது. பழைய செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓரிரவு ஊறவைக்க வேண்டும். மறுநாள் பிழிந்து, ஊறிய வெந்தயம் ஒரு கைப்பிடி சேர்த்து மையாக அரைக்க வேண்டும். கவிழ்த்த கிண்ணத்தின்மேல் ஈரத்துணி போர்த்தி, அரை விரற்கடைக் கனத்தில் கூழை அப்பி, கையை நனைத்துத் தடவி மழமழப்பாக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய்ந்ததும் கிண்ணத்தை உருவிவிட்டு, உட்புறமும் வெளிப்புறமும் வெள்ளைத் தாள் ஒட்டலாம். அச்சு மை உணவில் படக் கூடாது. எனவே சமைத்த பண்டங்களை இதில் வைக்காமல் ஊசி நூல், பொத்தான், எழுதுகோல் வைத்துக்கொள்ளுங்கள்.

காஷ்மீரத்தின் புகழ்பெற்ற காகிதக் கூழ்ப் பெட்டிகளும் இதே முறையில் பிறந்தவையே. 14ஆம் நூற்றாண்டில் ஷா ஹமதான் அவர்களோடு பாரசீகத்திலிருந்து வந்த கைவினைஞர்கள் இக்கலையைக் கொணர்ந்தனர் என்பது அம்மக்களின் மரபுவழிச் செய்தி. எழுதுகோல் வைக்கும் பேழைகளாகத் தொடங்கிய அக்கலை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது.

பெரியவர்களுக்குச் சில சொற்கள்

மதரஸாவின் கோடை வகுப்பில் ஒருநாள் தொன்னை தைக்கச் சொன்னேன். பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மூன்று முறை இலை கிழிந்தது. அழைத்துப் போக வந்த அவன் தாயார் பொறுக்கமாட்டாமல் அதை வாங்கி, அரை நிமிடத்தில் அழகாகத் தைத்துக் கொடுத்தார். அவன் அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் வந்து தானாகத் தைத்தான். அது கோணலாக இருந்தது. ஆனால் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றான்.

ஆகவே தாய்மார்களே, முதல் தொன்னையை நீங்கள் தைத்துக் காட்டுங்கள். இரண்டாவதில் கை வைக்காதீர்கள். கோணலைத் திருத்தாதீர்கள். "அடுத்த வீட்டுப் பிள்ளை எப்படிச் செய்திருக்கிறான் பார்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

தைப்பதும் பின்னுவதும் பெண்பிள்ளைகளின் வேலை என்று மகனை ஒதுக்கிவிடாதீர்கள். விரல் பழகாத ஆண்பிள்ளை நாளை வெளியூரில் தன் சட்டைப் பொத்தானுக்குக்கூட இன்னொருவரை எதிர்பார்ப்பான்.

கத்தரிக்கோலும் அடுப்பும் பெரியவர் கண்முன் இருக்கட்டும். வேலை முடிந்ததும் இடத்தைக் கூட்டிப் பெருக்குவதும் பிள்ளையின் பொறுப்பே.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை செய்த பொருளை வீட்டில் புழங்குங்கள். அலமாரியில் வைத்துப் பாராட்டுவதைவிட, நன்னியின் ஊசிநூல் அந்தக் கூடையில் இருப்பதும், வந்த விருந்தாளிக்கு அந்தத் தொன்னையில் பலாச்சுளை வைத்துக் கொடுப்பதும் மேல். தன் கையால் ஆன பொருள் நாலு பேருக்குப் பயன்படுவதைக் கண்ட பிள்ளை, அடுத்த நாள் லுஹர் முடிந்ததும் செல்பேசியைத் தேடுமுன் ஈர்க்கைத் தேடும்.