உங்கள் வீட்டிலும் ஒரு பெசலெயேல்

 

தேர்வு முடிவுகள் வெளியான அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சபைகளில் சாட்சி நேரம் நீண்டுபோகும். 90 விழுக்காடு வாங்கிய பிள்ளையின் தகப்பனார் எழுந்து நின்று கண்ணீரோடு கர்த்தரைத் துதிப்பார். சபையாரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லுவார்கள். அது நல்லதே. ஊரையும் உறவையும் விட்டு வந்து, பத்துக்குப் பத்து அறையில் குடியிருந்து, இரவு வேலையும் பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைத்த ஒரு குடும்பத்தின் சந்தோஷம் சபை முழுவதற்கும் உரிய சந்தோஷம். ஆனால் அதே ஆராதனையில், கடைசி வரிசையில், தாயின் அருகே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளையைக் கவனித்தீர்களா? கணக்கில் தவறிய அந்தப் பிள்ளைக்காக யாரும் எழுந்து சாட்சி சொல்லுவதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தேவன் ஒன்றுமே கொடுக்கவில்லையா? இந்தக் கேள்வியோடு வேதத்தைத் திறந்து பார்ப்போம்.

ஆவியினால் நிரப்பப்பட்ட கைவினைஞன்

தேவ ஆவியினால் நிரப்பப்பட்டான் என்று வேதாகமம் முதன்முதலாக யாரைக்குறித்துச் சொல்லுகிறது? மோசேயைக்குறித்து அல்ல, ஆரோனைக்குறித்தும் அல்ல. யூதா கோத்திரத்தானாகிய பெசலெயேல் என்னும் கைவினைஞனைக்குறித்தே அப்படி எழுதியிருக்கிறது (யாத்திராகமம் 31:1-5). பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், இரத்தினங்களை வெட்டிப் பதிக்கவும், மரத்தைச் செதுக்கவும் கர்த்தர் அவனைப் பேர்சொல்லி அழைத்தார். தாண் கோத்திரத்தானாகிய அகோலியாபை அவனுக்குத் துணையாகக் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் திறமையையும் அவ்விருவருக்கும் அருளினார் (யாத்திராகமம் 35:34).

இவர்கள் எந்த ஜனத்தில் பிறந்தவர்கள்? எகிப்தில் செங்கல் அறுத்த அடிமை ஜனத்தில் பிறந்தவர்கள். பார்வோனின் ஆளோட்டிகள் அந்த ஜனத்திடம் கேட்டதெல்லாம் செங்கல் எண்ணிக்கை ஒன்றுதான். எண்ணிக்கை குறைந்தால் அடி விழுந்தது. செங்கலை மட்டுமே எண்ணிய பார்வோனுக்கு அந்த ஜனத்தின் நடுவிலிருந்த பெசலெயேலை அடையாளம் தெரியவில்லை. கர்த்தருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டுமே எண்ணுகிற வீடு எந்த அரண்மனையைப் போலிருக்கிறது என்று நாம் நிதானித்துப் பார்க்கவேண்டாமா?

ஒவ்வொரு தானியத்திற்கும் ஒவ்வொரு விதம்

ஏசாயா 28-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் ஓர் உழவனைப் பார்க்கிறோம். அவன் எல்லா விதையையும் ஒரேவிதமாய் விதைப்பதில்லை; எல்லாத் தானியத்தையும் ஒரேவிதமாய் அடிப்பதும் இல்லை. கோதுமையின்மேல் வண்டி உருளையை ஓட்டுகிறவன், சீரகத்தின்மேல் அதை ஓட்டுவதில்லை. மெல்லிய கோலினால் தட்டியெடுக்கிறான். உருளையை ஓட்டினால் சீரகம் நொறுங்கிப்போகும் என்பது அவனுக்குத் தெரியும். இந்த ஞானத்தை அவனுக்குப் போதித்தவர் தேவனே என்று தீர்க்கதரிசி சொல்லுகிறார். களத்துமேட்டையும் சூடடிப்பையும் கண்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நெல்லுக்கு ஒரு பக்குவம், எள்ளுக்கு ஒரு பக்குவம் என்று அறிந்திருந்த நாம், பட்டணத்திற்கு வந்தபின் நம் பிள்ளைகள் எல்லோர்மேலும் ஒரே உருளையை ஓட்டலாமா?

நீதிமொழிகள் 22:6-ஐ நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதன் எபிரெய மூலத்தில் இரண்டு காரியங்கள் கவனிக்கத்தக்கவை. பிள்ளையைப் பயிற்றுவிப்பதைக் குறிக்கும் ‘ஹானாக்’ என்னும் வினைச்சொல், சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ததைச் சொல்லுகிற இடத்திலும் வருகிறது (1 இராஜாக்கள் 8:63). அடுத்து, ‘வழி’ என்பதற்கு மூலத்தில் ‘அவனுடைய வழி’ என்றே இருக்கிறது. அது தேவன் பிள்ளைக்குக் குறித்த நல்வழி என்று பலர் விளக்குகிறார்கள். அந்தப் பிள்ளையின் இயல்புக்கு ஏற்ற வழி என்று வேறு சிலர் விளக்குகிறார்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. கர்த்தருக்குப் பயப்படும் வழி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றே. அந்த வழியில் ஒருவன் உளியோடு நடப்பான், ஒருத்தி ஊசியோடு நடப்பாள், ஒருவன் புத்தகத்தோடு நடப்பான்.

அளவுகோல் எதற்காக?

பாரிஸ் நகரத்தில் 1905-ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் பினே, தியோடர் சீமோன் என்னும் இருவர் பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்க ஒரு சோதனையை உண்டாக்கினார்கள். இன்று ‘ஐ.க்யூ.’ என்று வழங்குகிற எண்ணுக்கு ஆதாரம் அதுதான். ஆனால் பினேயின் நோக்கம் பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்துவது அன்று. பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதே அவருடைய நோக்கம். அறிவுத்திறன் என்றும் மாறாத ஓர் அளவு என்று சொன்னவர்களை அவர் கடுமையாக மறுத்தார். உதவி செய்வதற்காக உண்டான அளவுகோலைப் பின்வந்தோர் முத்திரை குத்தும் கருவியாக்கிவிட்டார்கள்.

நம் வீடுகளிலும் அது நடக்கிறது. மதிப்பெண் பட்டியல் எங்கே உதவி தேவை என்று காட்டவேண்டிய தாள். அதை வைத்துக்கொண்டு, “உன் அண்ணனைப் பார், எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்” என்று ஒப்பிட்டு நாம் பிள்ளையை நொறுக்குகிறோம். இதன் பலன் எவ்வளவு கொடியது என்பதற்கு ஓர் எண் போதும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தில் 13,000-க்கும் அதிகமான மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். எல்லா மரணத்திற்கும் தேர்வே காரணம் என்று சொல்லமுடியாது. ஆயினும் “நான் எதற்கும் உதவாதவன்” என்ற பொய்யைச் சத்துரு ஒரு பிள்ளையின் காதில் ஓதும்போது, அதே வார்த்தையைத் தகப்பன் வாயிலிருந்தும் அந்தப் பிள்ளை கேட்டிருக்கக்கூடாது அல்லவா?

கண்டறிவது எப்படி?

ஈசாய் தன் ஏழு குமாரரைச் சாமுவேலுக்கு முன்பாக நிறுத்தினான். எட்டாவது மகனைக் கூப்பிடவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. தாவீது சுரமண்டலம் வாசிப்பதில் தேறினவன், பராக்கிரமசாலி, பேச்சில் சமர்த்தன் என்பதையெல்லாம் அரமனையில் எடுத்துச்சொன்னவன் சவுலின் வேலைக்காரர்களில் ஒருவன் (1 சாமுவேல் 16:18). தகப்பன் காணாததை அந்நியன் கண்டான். ஆகவே முதலாவது, உங்கள் பிள்ளையைக்குறித்து மற்றவர்களிடம் கேளுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியரிடமும், வகுப்பாசிரியரிடமும், மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டியிடமும் விசாரியுங்கள்.

இரண்டாவது, யாரும் சொல்லாமலே பிள்ளை எதைச் செய்கிறது என்று பாருங்கள். கெட்டுப்போன மின்விசிறியைக் கழற்றிப் பார்க்கிற பையன், அழுகிற குழந்தை யார் வீட்டினுடையதானாலும் தூக்கிச் சமாதானப்படுத்துகிற பெண், கீபோர்டு வாசிப்பவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிற சிறுவன், கேட்ட பிரசங்கத்தை வீட்டில் அப்படியே திருப்பிச் சொல்லுகிற சிறுமி இவர்களெல்லாம் நமக்கு எதையோ அறிவிக்கிறார்கள்.

மூன்றாவது, வெளியூரில் வாழ்கிற நம் பிள்ளைகளிடம் மட்டும் காணப்படும் ஒரு திறமையை நாம் திறமை என்றே எண்ணுவதில்லை. மும்பையில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் பேசுகிறது. பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், மருத்துவர் சொன்னதைப் பாட்டிக்கும் பாட்டி சொன்னதை மருத்துவருக்கும் மாற்றிச் சொல்லுகிறது. வங்கியில் அப்பாவுக்காகப் படிவம் நிரப்புகிறது. பெரியவர்கள் பலருக்கு எட்டாத காரியம் இது! இதற்காக அந்தப் பிள்ளையை என்றாவது பாராட்டினீர்களா? நாளை ஒரு மொழிபெயர்ப்பாளரோ, வழக்கறிஞரோ, பல மொழி ஜனங்களுக்கு ஊழியம் செய்யும் மிஷனெரியோ இந்தப் பிள்ளையிடமிருந்து எழும்பலாம். அதற்காகப் பெரியவர்களின் பாரத்தையெல்லாம் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடவும் கூடாது. கடன்காரனிடம் பேசவும் நோயின் கடுமையை அறிவிக்கவும் பிள்ளையை அனுப்பாதிருங்கள்.

வாசிக்கத் திணறும் பிள்ளை

ஒரு காரியத்தைச் சபையாரிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. வாயால் கேட்டால் நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளை, எழுதச் சொன்னால் எழுத்துகளை மாற்றிப்போடுகிறது. ஒரு பத்தி வாசிக்கத் திணறுகிறது. உடனே சோம்பல் என்கிறோம், பிடிவாதம் என்கிறோம். சிலர் பிசாசின் போராட்டம் என்றும் சொல்லிவிடுகிறார்கள். அது டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைகள் மந்தபுத்தியுள்ளவர்கள் அல்லர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் அங்கீகரித்திருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் கிடைக்கும். தாராவிக்கு அருகிலிருக்கும் சயான் மாநகராட்சி மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கான பரிசோதனை செய்கிறார்கள். பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபியுங்கள். ஜெபித்தபின் பரிசோதனைக்கும் அழைத்துப்போங்கள். ஒன்று செய்தால் மற்றது விசுவாசக் குறைவு ஆகாது.

பிரம்பைக்குறித்தும் ஒரு வார்த்தை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடைசெய்கிறது. பிள்ளையின் திறமைகளை வளர்ப்பதும் பயத்தை நீக்குவதும் கல்வியின் கடமை என்றும் சொல்லுகிறது. உலகத்தின் சட்டமே இவ்வளவு சொல்லும்போது, பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனந்தளரச் செய்யாதிருக்கும்படி அப்போஸ்தலனிடம் கட்டளை பெற்ற நாம் (கொலோசெயர் 3:21) எவ்வளவு ஜாக்கிரதையாயிருக்கவேண்டும்!

முக்தி தரும் பாடம்

பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் பூனா மாவட்டத்துக் கேட்காவ்ங் கிராமத்தை நன்கு அறிவோம். 1905-ஆம் ஆண்டில் ஆவியானவர் அங்கே பலமாய் ஊற்றப்பட்டார். ஆனால் அந்த முக்தி மிஷனை நிறுவிய பண்டித ரமாபாயின் சிறுவயதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1858-இல் பிறந்த அவருக்குச் சமஸ்கிருதம் கற்பித்தவர்கள் அவருடைய பெற்றோரே. பெண்களுக்கு அந்த மொழியைக் கற்பிக்கலாகாது என்று சமுதாயம் எதிர்த்தபோதும், தகப்பனார் அனந்த சாஸ்திரி தம் மனைவிக்குக் கற்பித்தார்; தாயார் லட்சுமிபாய் மகளுக்குக் கற்பித்தார். அலைந்து திரிந்த ஏழைக் குடும்பம் அது. பஞ்சம் பெற்றோரின் உயிரையே கொண்டுபோயிற்று. ஆனால் அவர்கள் மகளுக்குள் விதைத்ததைப் பஞ்சம் அழிக்கவில்லை. 1878-இல் கல்கத்தாவின் அறிஞர்கள் அவருக்குப் ‘பண்டிதா’ என்னும் பட்டம் வழங்கினார்கள். பிற்காலத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்ட அவர், எபிரெயு, கிரேக்க மூலங்களிலிருந்து மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். தாயின் மடியில் மலர்ந்த மொழித்திறமை கர்த்தருடைய கையில் அப்படிப் பயன்பட்டது.

தாம் பெற்றதை ரமாபாய் மற்றவர்களுக்கும் கொடுத்தார். 1896-97 பஞ்சத்தில் தப்பிவந்த இளம் விதவைகளையும் அனாதைச் சிறுமிகளையும் அவர் சோறு போட்டதோடு விட்டுவிடவில்லை. படிப்பு, நெசவு, அச்சுத்தொழில் என்று பலவகைப் பயிற்சி கொடுத்தார். அந்த மராத்தி வேதாகமத்திற்கு அச்சுக் கோத்ததும் அவ்விடத்துப் பெண்களே. எழுப்புதல் வந்த அதே வளாகத்தில் தறியும் அச்சு இயந்திரமும் ஓடின என்பதை மறந்துபோகவேண்டாம்.

வளர்க்கும்போது ஓர் எச்சரிக்கை

திறமை வேறு, ஆவியின் வரம் வேறு, ஆவியின் கனி வேறு. இயற்கையான திறமை பிறப்பிலே வருகிறது. வரத்தை ஆவியானவர் தமது சித்தத்தின்படி பகிர்ந்து கொடுக்கிறார். கனியோ நாளடைவில் முதிருகிறது. சிம்சோனுக்குப் பலம் இருந்தது, இச்சையடக்கம் இல்லை. ஆகையால் பிள்ளை நன்றாகப் பாடுகிறது என்று மேடைமேல் நிறுத்தி வீடியோ எடுத்து ஊரெங்கும் அனுப்புவதற்கு முன், பாத்திரம் கழுவவும் பிறர் பாடும்போது கேட்டு மகிழவும் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். ஒரு பிள்ளையின் திறமையைப் பாராட்டுவது மற்றப் பிள்ளைக்கு அடியாக விழவும் கூடாது. ஈசாக்கு ஏசாவையும் ரெபெக்காள் யாக்கோபையும் தனித்தனியே நேசித்ததினால் அந்த வீடு இரண்டாய்ப் பிளந்தது.

இந்த மாதம் செய்யவேண்டியது

பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்து அலுத்து வருகிற பெற்றோரே, பாட்டு வகுப்புக்கும் ஓவிய வகுப்புக்கும் பணத்திற்கு எங்கே போவோம் என்று கலங்காதிருங்கள். முதலில் தேவைப்படுவது பணமல்ல, உங்கள் கண்கள். நாள்தோறும் ஒரு கால்மணி நேரம் தொலைக்காட்சியையும் கைபேசியையும் நிறுத்திவிட்டுப் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, நீங்கள் கண்ட நன்மைகளை எழுதிவையுங்கள். குடும்ப ஜெபத்தில் அவற்றைப் பேர்சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுங்கள். தன்னைக்குறித்து அம்மா தேவனுக்கு நன்றி சொல்லுவதைக் கேட்டு வளருகிற பிள்ளை நிமிர்ந்து நிற்கும்.

சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாட்சி நேரத்தில் மதிப்பெண்ணோடு மற்றவற்றிற்கும் இடம் கொடுங்கள். ஒலிபெருக்கிச் சாதனத்தைக் கவனிப்பவர் அருகில் ஒரு சிறுவனை நிறுத்துங்கள். நோயாளிகளைச் சந்திக்கப் போகிற சகோதரிகள் ஒரு பெண்பிள்ளையை உடன் அழைத்துப்போகட்டும். தச்சர், தையல்காரர், மின்பணியாளர், செவிலியர் நம் சபைகளில் எத்தனைபேர்! மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களில் ஒருவர் பிள்ளைகளுக்குத் தம் தொழிலைக் காட்டிக்கொடுத்தால், அகோலியாபுகள் நம் நடுவிலும் எழும்புவார்கள்.

தீமோத்தேயுவுக்குள் இருந்த விசுவாசம் முதலாவது அவனுடைய பாட்டி லோவிசாளிடத்திலும், தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்தது. அதன்பின் பவுல் வந்தார்; தணிந்துபோகிற நெருப்பை ஊதியெழுப்புவதுபோல அவனுக்குள் இருந்த வரத்தை எழுப்பிவிடச் சொன்னார் (2 தீமோத்தேயு 1:5-6). விறகைச் சேர்ப்பது வீட்டின் வேலை, ஊதிவிடுவது சபையின் வேலை, அக்கினி கர்த்தருடையது.

கடைசி வரிசையில் தலைகுனிந்திருக்கிற பிள்ளையையும் கர்த்தர் பேர்சொல்லி அழைத்திருக்கிறார். அந்தப் பேரை நாமும் அன்போடு சொல்லி அழைக்க ஆவியானவர் நமக்குக் கண்களைத் திறந்தருளுவாராக. உங்கள் வீட்டின் ஒவ்வொரு பிள்ளையையும் கர்த்தர் ஆசீர்வதித்து, தமது வாசஸ்தலத்தைக் கட்டும் வேலைக்காரராக்குவாராக. ஆமென்.