உதைத்தது பாப்பாவா, இருமியது அம்மாவா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள்! ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் ஒரு கர்ப்பிணிக்குச் சிக்கல் என்றால், சேலத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு மலைப்பாதையில் இறங்கித்தான் வரவேண்டும். அதனால் சிக்கலை முன்கூட்டியே அறிவது மலையூர்களுக்கு மிகமிக முக்கியம்.

வயிற்றுக்குள் பாப்பா சுமார் 8 வாரத்திலேயே அசையத் தொடங்கிவிடும். அம்மாவுக்கு அது தெரிய 5 மாதம்கூட ஆகலாம். பிறகு உதை, புரளல், விக்கல் எல்லாம் தெரியும். ஆக்சிஜன் போதாமல் போனால் பாப்பா அசைவைக் குறைத்துச் சக்தியைச் சேமிக்கும். ஆகவே அசைவு குறைவது ஓர் எச்சரிக்கை.

ஆனால் தூங்கும்போதும் வேலை செய்யும்போதும் அம்மா எப்படிக் கவனிப்பார்? இங்கேதான் சென்சார் பெல்ட் வருகிறது. செல்போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதை உணரும் ஆக்ஸிலரோமீட்டர்தான் இதிலும் இருக்கிறது. பாப்பா உதைத்தால் வயிறு லேசாக அதிரும். பெல்ட் அதைப் பதிவு செய்யும்.

சிக்கல் என்னவென்றால், அம்மா இருமினாலும் சிரித்தாலும் வயிறு அதிரும்! அதனால் உடம்பில் வேறோர் இடத்திலும் ஒரு சென்சார் வைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து அதிர்ந்தால், அசைந்தது அம்மா. வயிற்றில் மட்டும் அதிர்ந்தால், அநேகமாகப் பாப்பா. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஒலியை உணரும் சென்சார்களையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

மிச்சக் குழப்பத்தைத் தீர்ப்பது இயந்திரக் கற்றல். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் புதிதாக வேலைக்கு வருபவருக்குப் பழங்களைக் காட்டிக் காட்டித்தானே எதைப் பறிக்கலாம் என்று பழக்குவார்கள்? கணினிக்கும் அப்படித்தான். ஸ்கேனில் பாப்பா உதைப்பதைப் பார்த்து, அந்த நொடியில் பெல்ட்டில் பதிந்த அதிர்வை 'இது உதை' என்று குறித்துக் கொடுக்கிறார்கள். நிறைய எடுத்துக்காட்டுகளைப் பார்த்தபின், புதிய அதிர்வையும் கணினியே இனம்பிரிக்கும். சின்ன அசைவுகளை அது தவறவிடுவதும் உண்டு; ஆய்வு தொடர்கிறது.

வயிற்றில் அணியும் வேறு கருவிகளும் உண்டு. பெங்களூரின் ஜனித்ரி நிறுவனம் வயிற்றில் ஒட்டும் ஒரு கருவியை உருவாக்கியிருக்கிறது. அது கவனிப்பது பாப்பாவின் இதயத்துடிப்பையும் கருப்பை இறுக்கத்தையும்.

எந்தக் கருவியும் அம்மாவின் உணர்வுக்கு மாற்று ஆகாது. உங்கள் வீட்டில் அம்மாவோ சித்தியோ, "இன்னைக்குப் பாப்பா அவ்வளவா அசையலையே" என்று சொன்னால், விடியட்டும் என்று காத்திருக்க விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.