பவர் டில்லர்: நாட்டுத் தயாரிப்பா, இறக்குமதியா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கோமுகி, மணிமுத்தா அணைகளின் பாசனப் பகுதிகளிலும், சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களிலும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துச் சாகுபடி செய்யும் சிறு விவசாயிகள் ஏராளமாக உள்ளனர். இவர்களுக்குச் சொந்தமாக டிராக்டர் வாங்குவது கட்டுபடியாகாது. உழவு மாடுகளை ஆண்டு முழுவதும் தீவனம் போட்டுக் காப்பதும் சிரமமாகி விட்டது. ஆகவே பவர் டில்லர் எனப்படும் விசை உழுவையைத் தனியாகவோ, அண்ணன் தம்பிகள் சேர்ந்தோ வாங்க முன்வருகின்றனர். அப்படி வாங்க முன்வருபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "நம் நாட்டுத் தயாரிப்பை வாங்குவதா, சீனாவிலிருந்து வந்ததை வாங்குவதா?" என்பதுதான்.

இது பற்றி டீக்கடைகளில் நடக்கும் வாதத்துக்கு முடிவே இல்லை. சீன மிஷின் விலை குறைவு, இழுவை அதிகம் என்பது ஒரு கட்சி. அது இரண்டு போகம் கூடத் தாங்காது, நம் ஊர் மிஷின்தான் உழைக்கும் என்பது மறு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் இரு கட்சியினரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. செம்மண் மானாவாரியில் நல்ல மழை பெய்தால் விதைப்புக்கு ஏற்ற ஈரம் நான்கு நாட்கள் நிற்பதே பெரிது. அந்த நான்கு நாட்களில் பவர் டில்லரின் ஒரு பல்சக்கரம் உடைந்தால், மாற்றுச் சக்கரம் எத்தனை நாளில் கைக்கு வரும்? இயந்திரம் எந்த நாட்டில் பிறந்தது என்பதை விட, இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலே அந்த ஆண்டின் மக்காச்சோளத்தையும் உளுந்தையும் தீர்மானிக்கும்.

நாட்டுத் தயாரிப்பு என்று நாம் சொல்பவற்றின் பூர்வீகத்தையும் சற்றுப் பார்க்கலாம். பவர் டில்லர், ஜப்பானியரின் சிறு நெல் வயல்களுக்காக வளர்க்கப்பட்ட இயந்திரம். பெங்களூரைச் சேர்ந்த வி.எஸ்.டி. நிறுவனம் 1967இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் இத்தொழிலைத் தொடங்கியது. 1973இல் தோன்றிய கேரள அரசு நிறுவனமான காம்கோ, குபோட்டா நிறுவனத்தின் வடிவமைப்பை ஒட்டித் தன் டில்லரைத் தயாரித்தது. டிராக்டரிலும் இதே கதைதான். 1959இல் ஃபரிதாபாத்தில் வெளிவந்த ஐஷர் டிராக்டர் ஜெர்மானிய வழி வந்தது. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டர் மாஸி ஃபெர்குசன் வழி வந்தது. எச்.எம்.டி. டிராக்டர் செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டாரைப் பின்பற்றியது. துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியப் பொறியாளர்களே வடிவமைத்து, 1974 முதல் பஞ்சாபில் தயாரிக்கப்பட்ட ஸ்வராஜ் டிராக்டர் இதற்கு விதிவிலக்கு.

இறக்குமதிக்கும் ஒரு பழைய பாடம் உண்டு. நம் தொழிற்சாலைகளால் தேவையை ஈடுகட்ட முடியாத அக்காலத்தில் ரஷ்யாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் டிராக்டர்கள் தருவிக்கப்பட்டன. அவை மட்டமான இயந்திரங்கள் அல்ல, வலுவாகவே செய்யப்பட்டவை. உதிரி பாகம் கிடைக்காமல் கொட்டகையில் நின்று துருப்பிடித்தவை அவற்றில் பல.

இப்போது சீன டில்லருக்கு வருவோம். அதில் பெரும்பாலும் காணப்படுவது 195 வகை ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். 195 என்பதில் முதல் எண் ஒரு சிலிண்டர் என்பதையும், அடுத்த 95 சிலிண்டரின் விட்டம் 95 மி.மீ. என்பதையும் குறிக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்றில் சுமார் 12 குதிரைத்திறன் தரும். மேலே உள்ள தொட்டியில் ஊற்றும் தண்ணீர் கொதித்து ஆவியாகி இன்ஜினைக் குளிர்விக்கும். தண்ணீர் பம்பு கிடையாது. அமைப்பு எளிது, கிராம மெக்கானிக்கே பிரித்து மாட்டி விடலாம். வடிவமைப்பைக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் இதே வடிவத்தைச் சீனாவில் ஒரு தொழிற்சாலை அல்ல, பல தொழிற்சாலைகள் தயாரித்து வந்துள்ளன. வார்ப்பிலும், பல்சக்கரங்களைச் சூடுபடுத்திக் கடினமாக்குவதிலும், அளவுத் துல்லியத்திலும் அவற்றுக்குள் வேறுபாடு உண்டு. பக்கத்து ஊர்க்காரரின் சீன டில்லர் பத்து ஆண்டு உழைத்திருக்கலாம். அதே பச்சை வர்ணத்தில் வாங்கிய மற்றொன்று இரண்டாம் ஆண்டே கியர் பெட்டியைப் பிரிக்க வைக்கலாம். "சீன மிஷின்" என்ற ஒரே பெயரில் இரண்டையும் அடக்கிப் பேசுவதால்தான் வாதம் முடிவதில்லை.

2020 ஜூலையில் மத்திய அரசு பவர் டில்லர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இன்ஜின், டிரான்ஸ்மிஷன், சட்டகம், ரோட்டவேட்டர் ஆகிய பாகங்களுக்கும் இக்கட்டுப்பாடு பொருந்தியது. இறக்குமதி செய்ய விரும்புபவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் இத்தொழிலில் இருந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் 100 டில்லர்களுக்குக் குறையாமல் விற்றிருக்க வேண்டும், பயிற்சிக்கும் பழுதுபார்ப்புக்கும் உதிரி பாகங்களுக்கும் வசதி வைத்திருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். அதற்கு முன் இருப்பு வைத்து விற்று விட்டுக் கடையை மூடியவர்களின் இயந்திரங்களும் கிராமங்களில் இருக்கின்றன. இத்தகைய பழைய டில்லர்கள் மலிவு விலையில் கைமாறும்போது விவசாயிகள் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

எந்தப் பாகம் எங்கே கிடைக்கும்?

உதிரி பாகங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பேரிங், ஆயில் சீல், வி-பெல்ட் ஆகியவை உலகெங்கும் ஒரே எண் முறையில் செய்யப்படுபவை. 6205 என்று பொறித்த பேரிங் எந்த நாட்டு இயந்திரத்தில் இருந்தாலும் அதன் உள்விட்டம் 25 மி.மீ.தான், கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் வருவது அந்த அளவு. பெல்ட்டில் பி 57 என்று இருந்தால், பி அதன் பருமன், 57 அங்குலம் அதன் நீளம். இவற்றைக் கள்ளக்குறிச்சியிலுள்ள பேரிங் கடையில் எண்ணைக் காட்டியே வாங்கி விடலாம். இறக்குமதி இயந்திரம் என்பதற்காக இவை கிடைக்காமல் போகாது.

கியர்கள், மெயின் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட், கிராங்க் ஷாஃப்ட், ஸ்டியரிங் கிளட்ச் ஆகியவை அப்படியல்ல. இவை அந்தந்தத் தயாரிப்புக்கே உரியவை. ஒன்றின் பல் எண்ணிக்கையோ, துளையின் அளவோ சற்று மாறினாலும் பொருந்தாது. இயந்திரத்துக்கு விலை பேசும்போது, விற்பனையாளரிடம் இந்த ஐந்து பாகங்களின் பெயரைச் சொல்லி, "இவை இப்போது உங்கள் அலமாரியில் இருக்கின்றனவா, விலை என்ன?" என்று கேட்க வேண்டும். எடுத்துக் காட்டுகிறவரிடம் வாங்கலாம். சேலத்திலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்பவரிடம் எத்தனை நாளில் என்று கேட்க வேண்டும். சென்னை, பெங்களூர் என்று கையை நீட்டுபவரிடம் யோசித்தே வாங்க வேண்டும். நாட்டுத் தயாரிப்பு விற்கும் கடையிலும் இதே சோதனையைச் செய்யத் தயங்கக் கூடாது. உள்நாட்டுக் கம்பெனி என்ற பெயர்ப்பலகை மட்டும் கியரைக் கொண்டு வந்து சேர்த்து விடாது.

ரோட்டரி கத்திகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். சின்னசேலம் பக்கத்துச் சரளை கலந்த செம்மண்ணில் கத்திகள் வேகமாகத் தேயும். மலிவுக் கத்திகள் சரியாகக் கடினமாக்கப்படாதவை. கத்தியின் வெட்டும் முனையில் அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தால், நல்ல கத்தியில் அரம் வழுக்கும். மட்டமானதில் துகள் உதிரும். அளவுக்கு மீறிக் கடினமாக்கியவை கல்லில் பட்டதும் ஒடியும். கத்திகளைத் தனித்தனியாக மாற்றாமல், இரு பக்கமும் சமமாக இருக்கும்படி ஜோடியாக மாற்றினால் அதிர்வு குறையும்.

விலை வித்தியாசத்தையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டில்லர் மற்றொன்றை விட ரூ.40,000 குறைவாகக் கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். எட்டு ஆண்டு உழைப்புக்கு அதைப் பிரித்தால் ஆண்டுக்கு ரூ.5,000 மிச்சம். பருவத்தில் சொந்த உழவு போக வாடகைக்கு ஓட்டி, செலவு நீங்க நாளொன்றுக்கு ரூ.1,500 கிடைக்கும் என்றால், பாகம் கிடைக்காமல் ஆண்டில் நான்கு நாள் நின்றாலே அந்த மிச்சம் போய் மேலும் ரூ.1,000 நஷ்டம். தன் வயலில் விதைப்பு தவறியதற்கான இழப்பு இதில் சேரவில்லை. மாறாக, மலிவான டில்லருக்கு உள்ளூரிலேயே பாகமும் மெக்கானிக்கும் இருந்தால், அதை ஒதுக்குவதற்குக் காரணமே இல்லை.

பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள்

மானியத்தில் விற்கப்படும் விசை உழுவைகள் அரசு அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் பரிசோதிக்கப்படுகின்றன. நமக்கு அருகில் உள்ள நிலையம் ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் இருக்கிறது. நாட்டுத் தயாரிப்பு, இறக்குமதி இரண்டுக்கும் சோதனை ஒன்றேதான். இந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. அதில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். கம்பெனி சொல்லும் குதிரைத்திறனும் சோதனையில் கிடைத்த குதிரைத்திறனும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது ஒன்று. வயல் சோதனையின்போது ஏற்பட்ட பழுதுகளின் பட்டியல் மற்றொன்று. மூன்றாவது, கைப்பிடியின் அதிர்வு. இதற்கு 100 மைக்ரான் என்பது வரம்பு. இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 60 செ.மீ. அகலத்தில் உழும் டில்லரின் பின்னால் ஒரு ஏக்கரை ஒரு முறை உழ ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நாளுக்கு இரண்டு ஏக்கர் ஓட்டுபவரின் கைக்கும் தோளுக்கும் அந்த அதிர்வு என்ன செய்யும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

இயந்திரத்தின் மீது சுமத்தப்படும் பழியில் ஒரு பகுதி உண்மையில் பராமரிப்பைச் சாரும். கோடை உழவில் கிளம்பும் புழுதி ஏர் கிளீனரில் படிந்து, அதன் எண்ணெய் சேறாகி விட்டால், தூசி சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அரித்து விடும். ஒரே பருவத்தில் இன்ஜின் புகை கக்கத் தொடங்கும். புழுதி உழவின்போது தினமும் ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். புது இயந்திரத்தின் முதல் எண்ணெய் மாற்றத்தைக் கையேட்டில் சொன்ன மணி நேரத்தைத் தாண்ட விடக் கூடாது.

கல்வராயன் மலை விவசாயிகளுக்கு

சமவெளிக்குச் சொன்னது மலைக்கு அப்படியே பொருந்தாது. சாமையும் மரவள்ளியும் பயிராகும் சரிவுத் துண்டு நிலங்களில் சுமார் 400 கிலோ எடையுள்ள பவர் டில்லரை ஏற்றுவதும் திருப்புவதும் ஆபத்து. அங்கு ஏற்றது பவர் வீடர் எனப்படும் சிறிய களையெடுக்கும் இயந்திரமே. இந்த வகையில் இறக்குமதி செய்யப்பட்டவையும், இறக்குமதி இன்ஜினைப் பொருத்தி இங்கே இணைக்கப்பட்டவையும் அதிகம். முழுக்க முழுக்க நாட்டுத் தயாரிப்பு என்று தேடினால் தேர்வு சுருங்கி விடும். ஆகவே மலையில் உள்ளவர்கள் நாட்டைப் பார்ப்பதை விட்டு, இன்ஜினைப் பார்ப்பது நல்லது. பரவலாக விற்கும் பெயருடைய இன்ஜினாக இருந்தால் கார்புரேட்டரும் ஸ்பார்க் பிளக்கும் அடிவாரத்திலேயே கிடைக்கும்.

உயரமும் கணக்கில் வர வேண்டும். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் இன்ஜினின் திறன் சுமார் மூன்று சதவீதம் குறையும். மூவாயிரம் அடி உயரத்தில் 5 குதிரைத்திறன் இன்ஜின் நான்கரை அளவுக்கே இழுக்கும். சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் எண்ணெய் தெறித்தே உறுப்புகளை நனைக்கிறது. அதிகச் சாய்வில் நெடுநேரம் ஓட்டினால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, இன்ஜின் சூடேறி இறுகி விடும். இது இயந்திரக் குறை அல்ல, இடத்தின் குறை. சரிவுக்குக் குறுக்கே உழுதால்தான் மண் அரிக்காது. குறுக்கே ஓட்ட முடியாத அளவு செங்குத்தான துண்டுகளை மாட்டுக்கும் மண்வெட்டிக்குமே விட்டு விடலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு பருவம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் ஏற்றது. வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும், ஏனையோருக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வகுக்கப்பட்டது. அவ்வப்போது உள்ள உச்சவரம்பையும், பட்டியலில் உள்ள கம்பெனிகளின் பெயர்களையும் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். செல்லும்போது நில ஆவணங்களுடன், மேலே சொன்ன ஐந்து பாகங்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது.