வெறுங்காலும் ஸ்டெரொய்ட் மாத்திரையும்

ஹட்டனுக்கு அருகே ஒரு லயத்தில், மூட்டுவாதத்துக்கு பிரட்னிசோலோன் எடுத்துவரும் ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி ஒருவரைச் சந்தித்தேன். வயிற்றோட்டம் பற்றிக் கேட்டேன். "பூச்சி மருந்து குடுத்தாங்க தானே தம்பி" என்றார். அந்த மருந்து எல்லாப் புழுவுக்கும் போதாது.

ஸ்ட்ரொஞ்சிலொய்ட்ஸ் என்ற நூல்புழு, மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகிறது. பின்னர் உடலுக்குள்ளேயே பெருகி, பல தசாப்தங்கள் சத்தமின்றி வாழும். இரண்டாம் உலகப்போரில் சியாம்-பர்மா ரயில் பாதையில் வதைபட்ட பிரித்தானியப் போர்க்கைதிகளிடம், பல தசாப்தங்களின் பின்னரும் இப்புழு கண்டறியப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் மடிந்ததும் அதே பாதையில்தான்.

ஸ்டெரொய்ட் எதிர்ப்புச் சக்தியைத் தணித்தால் புழுக்கள் கட்டுமீறிப் பெருகி, நுரையீரல், மூளை வரை பரவலாம். குடல் பக்டீரியாக்களும் குருதியில் கலக்கும். சிகிச்சை தாமதித்தால் உயிராபத்து.

ஒருமுறை செய்யும் மலப் பரிசோதனையில் புழு தென்படாமல் போகலாம். பல நாள் மாதிரிகளும் பிறபொருளெதிரிக் குருதிப் பரிசோதனையும் தேவைப்படும். குருதியில் ஈசினோபில் கூடுவது ஓர் அறிகுறி. ஸ்டெரொய்ட் எடுப்போரில் அது கூடாமலும் இருக்கலாம். ஒருவேளை மெபெண்டசோல் இதைத் தீர்க்காது. ஐவர்மெக்டினே முதல் தெரிவு. இத்தொற்று பரவலாக உள்ள சமூகங்களுக்கு உலக சுகாதார நிறுவனமும் 2024இல் அதையே பரிந்துரைத்தது.

1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று, பிறகு முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஸ்டெரொய்ட் அல்லது புற்றுநோய் மருந்து தொடங்கும் முன், "தோட்டத்தில் வெறுங்காலோடு வளர்ந்தேன்" என வைத்தியரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது, பரிசோதனையைக் கேளுங்கள். அந்த அம்மாவிடம் நான் சொல்லிவிட்டு வந்ததும் இதைத்தான்.