பெட்டி செத்தாலும் புரோகிராம் ஓடும்

இந்தக் கிழமை ஒலிபரப்பில "எமுலேஷன்" எண்ட சொல்லைப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பம், ஆனா விளக்க நேரம் கிடைக்கேல்ல. கேம் விளையாடுற ஆக்களுக்குத் தெரியும்: பழைய நின்டென்டோ கேமை லப்டொப்பில ஓட விடுற வித்தை. அதே வித்தையை நம்பி தொழிற்சாலைகளும் இயங்குது எண்டதுதான் பலருக்குத் தெரியாது.

எங்கட ஊரில இருந்தே தொடங்குவம். (என்ர ஊர் வுப்பர்டால். யாழ்ப்பாணம் அப்பாட ஊர். இதில சண்டை வேண்டாம்.) 2000ஆம் ஆண்டளவில் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் "ஆலிஸ்" எண்ட ஒரு கணினிக் கூட்டம் இருந்தது. ஆல்ஃபா லினக்ஸ் கிளஸ்டர் எஞ்சின் எண்டதன் சுருக்கம். கொம்பக் நிறுவனத்தின் 128 டிஎஸ்10 கணினிகளைப் பிணைச்சு, குவார்க்குகளைக் கட்டி வைச்சிருக்கும் விசையை அதில் கணக்குப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது ஆல்ஃபா புரொசசர். டெக் நிறுவனம் 1992இல் அறிமுகப்படுத்திய 64 பிட் சிப், அந்தக் காலத்துக் குதிரை.

குதிரை நல்லது, சொந்தக்காரர்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1998இல் டெக்கை கொம்பக் வாங்கியது. 2001இல் "ஆல்ஃபாவை இனி வளர்க்கப் போறதில்லை" எண்டு கொம்பக் அறிவிச்சது. 2002இல் கொம்பக்கே எச்பியோட சேர்ந்திட்டுது. 2007இல் ஆல்ஃபா விற்பனை நிண்டுபோச்சு. வுப்பர்டால் ஆக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2004இல் "ஆலிஸ்நெக்ஸ்ட்" எண்ட அடுத்த கூட்டத்தைக் கொண்டுவந்தார்கள்: 1024 ஒப்டெரோன் புரொசசர், ஏஎம்டியின் சாதாரண சேர்வர் சிப். இயற்பியல்காரரின் நிரல் அவர்களே எழுதியது. சோர்ஸ் கோட் கையில இருந்தா புதுச் சிப்புக்கு ஏற்றமாதிரித் திருப்பிக் கொம்பைல் பண்ணலாம். கொஞ்சம் வியர்க்கும், ஆனா வழி இருக்கு.

சோர்ஸ் கோட் இல்லாதவன் என்ன செய்வான்? இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

என்ர மாமா ஒருத்தர் ஒரு பக்டரியில இருபது வருசத்துக்கு மேல ஷிப்ட் வேலை. உங்கட வீடுகளிலயும் அப்படி ஒரு மாமா இருப்பார். அங்க மூலையில ஒரு பழைய டெக் பெட்டி, அதில "தொடாதே" எண்டு ஒட்டின தாள். லைனுக்கு எந்தக் கலவை, எந்த அளவு எண்டு சொல்லுறது அந்தப் பெட்டிதான். எழுதினவர் பென்ஷன் எடுத்துப் போயிட்டார், எழுதின கொம்பனி இப்ப இல்லை. அதின்ர ஹார்ட்டிஸ்க் ஒரு நாள் நிண்டா மாமாவின்ர ஷிப்டும் நிக்கும். இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு உதிரிப்பாகம் தேடுறவை ஈபேயில பழைய சாமான் வாங்கி அலுமாரியில அடுக்கி வைக்கினம். இது சின்னக் கொம்பனிகளின்ர பிரச்சினை மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. 2013இல் கனடாவில், அணுமின் நிலைய ரோபோக்களை இயக்கும் பிடிபி-11 கணினிகளுக்கு நிரல் எழுத ஆள் தேடினார்கள். அதை 2050 வரை ஓட்டுறது திட்டம். பிடிபி-11 வந்தது 1970இல்!

எமுலேட்டர் செய்யிற வேலை இதுதான். பழைய கணினி ஒண்டை முழுசா மென்பொருளால கட்டி எழுப்புது. பழைய புரொசசரின்ர ரெஜிஸ்டர்கள் எல்லாம் புது சேர்வரின்ர மெமரியில வெறும் எண்கள். பழைய புரோகிராமின்ர கட்டளையை எடுத்து, "இதுக்கு அந்தப் புரொசசர் என்ன செய்திருக்கும்?" எண்டு பார்த்து, அதையே செய்யுது. கெட்டிக்கார எமுலேட்டர்கள் ஒருக்கா மொழிபெயர்த்த துண்டை வைச்சிருந்து திரும்பப் பாவிக்கும், அதாலதான் வேகம். பழைய டிஸ்க் ஒரு கோப்பாக மாறுது, சீரியல் கேபிள் நெற்வேர்க் இணைப்பாக மாறுது. உள்ளே ஓடுற விஎம்எஸ் இயங்குதளத்துக்கு தான் வீடு மாறினதே தெரியாது.

மாமாவின்ர பக்டரியிலயும் இதைத்தான் செய்தவை. திங்கட்கிழமை வேலைக்குப் போனவருக்குத் திரையில அதே பச்சை எழுத்து. "என்ன மாறினது?" எண்டு என்னட்டையே கேட்டார்.

செய்யிற ஆக்கள் யார்? டெக்கில துணைத்தலைவராக இருந்த பொப் சப்னிக் 1993இல் தொடங்கின சிம்எச் இலவசம், பிடிபி-11ஐயும் வக்ஸ்ஸையும் வீட்டிலயே ஓட்டலாம். தொழிற்சாலைகள் காசு குடுத்து வாங்கிறது சுவிசில தொடங்கின ஸ்ட்ரோமாசிஸ்ஸின் கேரன் மாதிரி ஒண்டை. பிழைத்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண் வேணுமே.

எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போகும் எண்டு சொல்ல மாட்டன். முதலாவது, வேகம். "இத்தனை தரம் சுற்றினா ஒரு செக்கன்" எண்டு எண்ணிக் காத்திருக்கிற பழைய நிரல் புது சேர்வரில கண் சிமிட்ட முதல் எண்ணி முடிச்சிடும், அதால வால்வு ஒண்டு நேரத்துக்கு முந்தித் திறந்தா அது விளையாட்டில்லை. பிறகு, மெசினோட நேரடியாகப் பேசுற விசேஷ கார்டுகள். அந்தக் கார்டைச் செருக புது சேர்வரில இடமே இல்லை, அடப்டர் தேட வேணும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிய பயம்: பழைய ஓட்டைகளும் அப்படியே கூட வரும். முந்தி மூலையில தனியா இருந்த கணினி இப்ப நெற்வேர்க்கில இருக்கு. அதை ஃபயர்வோலுக்குப் பின்னால பூட்டாட்டி வில்லங்கம்தான்.

"பயந்தாங்கொள்ளி வேலை, எல்லாத்தையும் புதுசா எழுத வேண்டியதுதானே" எண்டு சில டெவலப்பர்கள் சிரிப்பினம். இருபது வருசமா பிழையில்லாமல் ஓடுற ஒண்டை, அது என்ன செய்யுது எண்டு முழுசாத் தெரியாமல் திருப்பி எழுதுறதை நான் வீரம் எண்டு சொல்ல மாட்டன்.

எங்கட வீடுகளுக்கும் இதில வேலை இருக்கு. தொண்ணூறுகளில அப்பா அம்மாக்கள் தமிழ்ப் பள்ளி மலர், கலைவிழா நிகழ்ச்சி நிரல், செத்தவீட்டு நினைவு மலர் எல்லாம் பேஜ்மேக்கரில, பாமினி எழுத்துருவில செய்து வைச்சவை. பாமினி யுனிகோட் இல்லை. எழுத்துரு இல்லாட்டி திரையில வாறது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். வசனத்தை மட்டும் மாற்றித் தர மாற்றிகள் இருக்கு. ஆனா பக்கத்தை, படத்தோட, அப்படியே பார்க்க வேணுமெண்டா பேஜ்மேக்கர் வேணும். இண்டைய இன்டிசைன் அதைத் திறக்காது, சிஎஸ்6தான் திறந்த கடைசிப் பதிப்பு.

அதனால 86பொக்ஸ் எண்ட இலவச எமுலேட்டரைப் போடுங்கோ. அதில விண்டோஸ் 98, அதுக்குள்ள பேஜ்மேக்கர், அதுக்குள்ள பாமினி. பழைய சீடிகளை எறியாதேங்கோ, அலுமாரியில தேடினா இருக்கும். ஆனா எமுலேட்டரோட விளையாடத் தொடங்க முதல் ஒரு யூஎஸ்பி ஃப்ளொப்பி ட்ரைவ் வாங்கி, டிஸ்கெட் முழுதையும் அப்படியே ஒரு இமேஜ் கோப்பாகப் படியெடுங்கோ. எமுலேட்டர் பத்து வருசம் கழிச்சும் கிடைக்கும். டிஸ்கெட்டில இருக்கிற காந்தப் படலம் அவ்வளவு நாள் காத்திருக்காது.