எரிச்சல் நின்ற கால்

புதுக்கோட்டைப் பக்கம் சர்க்கரைக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரமே காலுக்கு வந்துவிடும். “ராத்திரியானா உள்ளங்கால் எரியுது.” “சுருக் சுருக்குன்னு குத்துது.” “போர்வை பட்டாலே தாங்கலை.” சிலர் ஈரத்துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள். சிலர் மருதாணி அரைத்துப் பூசுகிறார்கள். கட்டிலை விட்டு இறங்கி, சிமெண்டுத் தரையில் பாதத்தை அழுத்தியபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. வெளியே காயமில்லை, வீக்கமில்லை என்பதால் வீட்டில் பலரும் நம்புவதில்லை. அந்த அவநம்பிக்கை வலியைவிடக் கொடுமை.

பல வருடம் கூடுதலாக இருக்கும் சர்க்கரை, நரம்புகளையும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களையும் கெடுக்கிறது. உடம்பில் நீளமான நரம்பு பாதத்துக்குப் போவதுதான். அதனால் முதல் அடி கால்விரல்களில் விழுகிறது. பிறகு இரண்டு காலிலும் ஒரே சீராக மேலேறும். மருந்துக் கடையில் வாங்கும் சாதாரண வலி மாத்திரை இந்த நரம்பு வலிக்குப் பெரிதாக உதவாது. தொடர்ந்து போட்டால் ஏற்கெனவே சர்க்கரையால் தளர்ந்திருக்கும் சிறுநீரகத்துக்குத்தான் கேடு. ப்ரீகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் போன்றவை நரம்பு வலிக்கென்றே தரப்படுபவை. வயதையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் அளவு சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் கால் எரியலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது இந்த எரிச்சலுக்கு அடுத்த கட்டத்தை. சிலருக்கு மருந்தை மாற்றாமல், சர்க்கரையும் குறையாமல், எரிச்சல் மட்டும் தானாக நின்றுவிடும். “இப்போ பரவாயில்லை” என்பார்கள். பஞ்சுமேல் நடப்பதுபோல இருக்கும். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாது. நரம்பு குணமாகவில்லை, செத்துக்கொண்டிருக்கிறது.

இந்த மாவட்டத்தின் தரை அப்படிப்பட்ட காலுக்கு இரக்கம் காட்டாது. செம்புறாங்கல் பூமி, சீமைக்கருவேல முள், பங்குனி வெயிலில் கொதிக்கும் கோயில் கல்தளம். நார்த்தாமலைக்கும் கொன்னையூருக்கும் வெறுங்காலோடு பால்குடம் எடுக்கும் பக்தியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மரத்துப்போன காலோடு வெறுங்காலில் நடக்கவோ பூக்குழி இறங்கவோ வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்பேன். ஆணிக்காலை பிளேடால் சீவுவதும், கால் வலிக்கிறதென்று வெந்நீர் வாளியில் பாதத்தை வைப்பதும் அதே ஆபத்துதான். சூடு தெரியாத தோல் வெந்துபோகும். புண் எலும்புவரை போன பிறகுதான் நாற்றத்தில் தெரியவரும்.

வலி இல்லாமையே காலைத் தின்னும் என்பதை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர் நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகுவதில்லை, உணர்ச்சி போனதால் படும் காயங்களால் தேய்கின்றன என்று கண்டார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போய், அதே பாடத்தைச் சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கும் பொருத்தினார். தொழுநோயாளிகளுக்கென வந்த மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரைப் பாதத்துக்கும் பரிந்துரைக்கிறார்கள்.

மரத்துப்போனதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களைத் தொட்டுப் பார்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரையைக் கொண்டுவருகிறது. சர்க்கரைக்காரர்களின் காலைப் பரிசோதிக்க ‘பாதம் பாதுகாப்போம்’ என்றொரு அரசுத் திட்டமும் வந்திருக்கிறது. மாத்திரை போய்ச் சேரும் ஒவ்வொரு வீட்டிலும் காலும் பார்க்கப்பட வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் எழுத்தும் சைக்கிளும் கற்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த மாவட்டம் இது. அன்று முப்பது வயதிலிருந்த பெண்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். சர்க்கரை மிகுதியாகத் தாக்கும் வயது. தெருத்தெருவாக எழுத்தைக் கொண்டுபோன அந்தப் பெண்களால் காலைப் பார்க்கும் பழக்கத்தையும் கொண்டுபோக முடியும்.

தினமும் ராத்திரி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைக் கீழே வையுங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் புண்ணாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அடுத்த முறை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, யாரும் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, “என் காலைப் பாருங்க” என்று கேளுங்கள்.