டெபாசிட் போடும் முன் வட்டியை மட்டும் கேட்காதீர்கள்

2020 நவம்பர் 17. தீபாவளி கழிந்து மூன்று நாள். டெல்டாவில் சம்பாவுக்குக் களையெடுத்து மேலுரம் போடும் பருவம். யூரியாவுக்கும் கூலிக்கும் கையில் பணம் வேண்டும். அன்று மாலை செய்தி வந்தது: லட்சுமி விலாஸ் வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்கள் டிசம்பர் 16 வரை 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மருத்துவம், படிப்பு, திருமணம் என்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். கணக்கில் எத்தனை லட்சம் இருந்தாலும் அவ்வளவுதான்.

காவிரிக்கரைக்காரர்களுக்கு அது வேற்றூர் வங்கி அல்ல. 1926-ல் கரூரில் உள்ளூர் வணிகர்கள் கூடித் தொடங்கியது. கொரோனாதான் அதை மூழ்கடித்தது என்று அப்போது பலர் பேசினார்கள். வங்கியின் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2017–18-ல் நஷ்டம் 585 கோடி. அடுத்த ஆண்டு 894 கோடி. அதற்கடுத்த ஆண்டு 836 கோடி. சிறு வணிகர்களோடு வளர்ந்த வங்கி பெருநிறுவனங்களுக்குக் கடனை அள்ளிக் கொடுத்ததில் வந்த வினை இது. கொரோனா வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, 2019 செப்டம்பரில், ரிசர்வ் வங்கி அதைத் தன் கண்காணிப்புக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. 2020 செப்டம்பரில் நூறு ரூபாய்க் கடனில் 24 ரூபாய்க்கு மேல் வாராக்கடன். அதே மாதம் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களே நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். நிர்வாகச் சீர்கேடு என்பதைத் தடை அறிவிப்பிலேயே ரிசர்வ் வங்கி ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. நவம்பர் 27-ல் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியுடைய இந்தியக் கிளை நிறுவனத்தோடு அது இணைக்கப்பட்டது.

அதே காவிரிக்கரையில், கும்பகோணத்தில், 1904-ல் தொடங்கியது சிட்டி யூனியன் வங்கி. அதன் பங்கை வாங்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை; ஒப்பிட்டுப் பார்க்கத்தான். கொரோனா அதையும் விடவில்லை. ஊரடங்கு தொடங்கிய 2020 ஜனவரி–மார்ச் காலாண்டில் 95 கோடி நஷ்டம் காட்டியது. வரப்போகும் வாராக்கடனுக்காக முன்கூட்டியே பணம் ஒதுக்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். முந்தைய ஆண்டில் 683 கோடியாக இருந்த லாபம் அந்த நிதியாண்டு முழுவதற்குமாக 476 கோடியாக இறங்கியது. பிறகு 593 கோடி, 760 கோடி என்று மீண்டது. நல்ல நிர்வாகம் இருந்தால் வங்கிக்கு அடியே விழாது என்பதில்லை. விழுந்த அடியை மறைக்காமல் அந்தக் காலாண்டிலேயே கணக்கில் எழுதுவதுதான் நல்ல நிர்வாகம். லாபம் மீள்வதும் அங்கிருந்துதான்.

லட்சுமி விலாஸ் வங்கி இணைப்பில் யார் எதை இழந்தார்கள் என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். டெபாசிட்தாரர் ஒருவர்கூட அசலை இழக்கவில்லை. ஆனால் தலைமுறையாகப் பங்கு வைத்திருந்தவர்களின் பங்கு மதிப்பு பூஜ்யமாகிவிட்டது; 318 கோடி ரூபாய்க் கடன்பத்திரங்களும் பூஜ்யம். கவுன்டரில் யாராவது “இதுவும் எஃப்.டி. மாதிரிதான் சார்” என்று எதையாவது நீட்டினால், அது டெபாசிட்டா, பத்திரமா, இன்ஷூரன்ஸா என்று எழுத்தில் கேளுங்கள்.

டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரை. வங்கி முடக்கப்பட்டால் 90 நாளுக்குள் அந்தத் தொகை கைக்கு வர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. நிதி நிறுவனங்களுக்கும் கிடையாது. அறுவடைப் பணத்தை அங்கே போடுபவர்கள் எத்தனையோ பேர்; இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

கடன் வாங்குபவரின் பக்கத்துக்கு வருவோம். டெல்டாக் குடும்பங்களுக்கு வங்கி என்றால் நகைக் கடன் கவுன்டர்தான் முதலில் நினைவுக்கு வரும். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, ஒரு தொகை சொல்வார். நகை மதிப்பில் 75 விழுக்காடு வரைதான் கடன் என்றிருந்த விதியை, விவசாயம் அல்லாத தேவைக்கு மட்டும், 2020 ஆகஸ்டில் 90 ஆகத் தளர்த்தினார்கள். அப்போது தங்கம் உச்சத்தில் இருந்தது. அடுத்த மார்ச்சுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விலை இறங்கியது. நூறு ரூபாய் நகைக்கு 90 ரூபாய் வாங்கியவரின் நகை 80 ரூபாய்க்கு வந்து நின்றது. கடன் மட்டும் வட்டியோடு ஏறியது. வாங்கியவருக்கு ஏலக் கடிதம், வங்கிக்கு வாராக்கடன். கூடுதலாகக் கிடைக்கிறதே என்று முழுத் தொகையையும் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 2026 ஏப்ரல் முதல் கட்டாயமாகும் புது விதிப்படி, கடனை முழுதும் அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்ப வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஏலத்தில் மிஞ்சிய தொகை உங்களுடையது.

நிலைத்த வளர்ச்சி என்று வங்கிகள் ஆண்டறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நம் ஊரில் அதற்கு அர்த்தம், புயலும் வெள்ளமும் வந்தாலும் பயிர்க்கடன் மூழ்காதிருப்பது. 2018-ல் கஜா, 2020 டிசம்பரில் புரெவி, அடுத்த ஜனவரியில் அறுவடை நேரத்தில் கொட்டிய மழை. இதில் உழவரையும் வங்கியையும் சேர்த்துக் காப்பது பயிர்க் காப்பீடு. கடன் வாங்கிய உழவருக்கு அது கட்டாயம் என்றிருந்தது, 2020 குறுவை முதல் விருப்பமாகிவிட்டது. அதனால் பிரீமியம் பிடித்தார்களா, சர்வே எண் சரியா என்று ரசீதைப் பாருங்கள். வங்கியின் தவறால் உங்கள் பெயர் விடுபட்டால், இழப்பீட்டுக்கு வங்கியே பொறுப்பு.

கடன் வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ கூப்பிடக் கூடாது. எந்தக் குறையானாலும் முதலில் கிளையில் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. புகாரைத் தமிழிலேயே எழுதலாம்.